பழைய ராக் குழுக்கள் மறுபடி ஒன்று சேர்ந்து மேடை ஏற வேண்டுமா?

கேசட்காரன் (கோவை):

2025 ஜூலை 5 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காம் வில்லா பார்க் மைதானத்தில் பிளாக் சபாத் என்ற ராக் குழு கடைசியாக மேடை ஏறியதைப் பார்த்த நாளில் இருந்து எனக்கும் என் அண்ணனுக்கும் ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் தீரவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

இந்த இசையை எனக்குக் காட்டியதே அண்ணன்தான். அவர் காலேஜில் படிக்கும்போது ஹாஸ்டல் நண்பரிடம் இருந்து பதிவு செய்து கொண்டுவந்த 90 நிமிட கேசட், ஒரு பக்கம் சபாத், மறுபக்கம் டீப் பர்ப்பிள். லேபிளில் நீல மையில் எழுதியிருந்த எழுத்து அழிந்து நாடாவே தேய்ந்து போகிற வரைக்கும் கேட்டோம். நாடா சிக்கினால் ரெனால்ட்ஸ் பேனாவை விட்டுச் சுற்றுவது என் வேலை.

ஜூலை 5 இரவு இரண்டு பேரும் தூங்கவில்லை. சபாத் வரும்போது இங்கே கிட்டத்தட்ட விடிந்துவிட்டது. சபாத்தின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் நடக்க முடியாத நிலையில் இருந்தார், பார்க்கின்சன் நோய், அதை அவரே 2020இல் வெளியில் சொல்லிவிட்டார். மேடைக்கு அடியில் இருந்து ஒரு கறுப்புச் சிம்மாசனம் மேலே வருகிறது, அதில் உட்கார்ந்திருக்கிறார். முதலில் அவருடைய தனிப் பாட்டுகள், அப்புறம் சபாத் நான்கு பேரும் சேர்ந்து நான்கே நான்கு பாட்டு. நடுவில் அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து எழுந்துவிடப் பார்த்தார், முடியவில்லை, மறுபடி உட்கார்ந்து கையைத் தட்டிக்கொண்டே பாடினார். அந்த இடத்தில் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். 17 நாள் கழித்து, ஜூலை 22 அன்று ஆஸி இறந்துபோனார், 76 வயது.

அண்ணன் சொல்வது இதுதான்: 2017 பிப்ரவரி 4 அன்று இதே பர்மிங்காமில் அவர்கள் விடைபெற்றாயிற்று, நன்றாகவே முடிந்தது, அதற்குப் பிறகு இப்படி ஒரு உடம்பை மேடையில் ஏற்றியிருக்கக் கூடாது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் அழுதேன், ஆனால் பரிதாபத்தில் அழவில்லை. ஏன் என்று அண்ணனுக்குப் புரியும்படி சொல்லத்தான் தெரியவில்லை. பழைய குழுக்கள் திரும்பி வந்து பழைய பாட்டைப் பாடுவது சரிதானா? உங்கள் அனுபவத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.


டிரம்ஸ்குச்சி (பெங்களூரு):

நண்பா, உங்கள் அண்ணன் 2017ஐ முடிவு என்கிறார், அங்கேதான் எனக்கு ஒத்துப்போகவில்லை. 2017இல் விடைபெற்றது மூன்று பேர். டிரம்மர் பில் வார்டு அங்கே இல்லை. நான்கு பேரும் திரும்பச் சேர்கிறோம் என்று 2011 நவம்பரில் அறிவித்துவிட்டு, சில மாதத்திலேயே ஒப்பந்தம் கையெழுத்துப் போடுகிற மாதிரி இல்லை என்று வார்டு விலகினார். 2013இல் வந்த ஆல்பத்தில் வேறொருவர் டிரம்ஸ், சுற்றுப்பயணத்தில் இன்னொருவர். அந்தப் பயணத்தில் வாசித்த டாமி க்ளூஃபெட்டோஸ் கெட்டிக்காரர், சொல்லி வைத்த மாதிரி வாசிப்பார், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அது வேறு.

என்ன வேறு என்று டிரம்ஸ் வாசிக்கிறவனாகச் சொல்கிறேன். கிட்டார் வாசிக்கிற டோனி அயோமிக்கு 17 வயதில் தகரத் தகடு வெட்டுகிற தொழிற்சாலையில் வலது கையின் இரண்டு விரல் நுனி போய்விட்டது. அவர் இடது கைக்காரர், அதனால் கம்பியை அழுத்துகிற கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து போட்டுக்கொண்டார். அப்புறம் மெல்லிய கம்பிக்கு மாறி, போகப் போக சுருதியையும் இறக்கிக் கம்பியைத் தளர்த்தினார், அதில் இருந்துதான் அந்தக் கனமான சத்தமே வந்தது. கீசர் பட்லர் பாஸில் பெரும்பாலும் அந்த கிட்டாரின் பின்னாலேயே போவார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் வார்டு என்ன செய்கிறார் என்று கேளுங்கள். அவர் தாளத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவதில்லை. ஜாஸ் கேட்டு வளர்ந்த கை, கிட்டார் ஒரு வரியை முடித்ததும் அதற்குப் பதில் சொல்கிற மாதிரி உருட்டுவார். ஒரு மயிரிழை தாமதமாக அடி விழும். நான் சனி ஞாயிறுகளில் நண்பர்களோடு இதே பாட்டுகளை வாசிக்கிறேன், மெட்ரோனோம் என்கிற தாளக் கருவி வைத்துச் சரியாக வாசித்தால் பாட்டு செத்துவிடுகிறது, இருபது முறையாவது செய்து பார்த்திருப்பேன்.

வில்லா பார்க்கில் 77 வயதில் சட்டையைக் கழற்றிவிட்டு அவர் வாசித்தபோது சில இடத்தில் தடுமாறினார், உண்மைதான், கை பழைய வேகத்தில் இல்லை. ஆனால் அந்தத் தாமதம் அப்படியே இருந்தது. அந்த நான்கு பேரும் சேர்ந்து வாசித்து 20 வருடம் ஆகியிருந்தது, 2005க்குப் பிறகு அன்றைக்குத்தான். அதுவும் அவர்கள் வளர்ந்த ஆஸ்டன் பகுதியில், வீட்டில் இருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற மைதானத்தில்.

அதனால் என் பதில் இதுதான். யார் சேர்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். உயிரோடு இருக்கிற ஒருவரைக் கணக்கு வழக்கில் வெளியே விட்டுவிட்டு மற்றவர்கள் வந்தால் அது பெயரை வைத்து நடத்துகிற கடை. நான்கு பேரும் வந்தால், எத்தனை வயதானாலும், நான் முதல் வரிசையில் நிற்பேன்.


ஐந்தரைக் கட்டை (சென்னை):

நான் மாற்றுக் கருத்து. மெல்லிசைக் குழுவில் இருபது வருடமாகப் பாடுகிறேன், அதனால் தொண்டையில் இருந்து பேசுகிறேன்.

22, 23 வயதில் ஒருவன் உச்சத்தில் கத்திப் பாடிய பாட்டை 60இல் அதே கட்டையில் பாட முடியாது. இது சோம்பலோ திறமைக் குறைவோ இல்லை, குரல் நாண் நெகிழ்வு குறைந்து இறுகிவிடுகிறது, அவ்வளவுதான். என்ன செய்வார்கள்? அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்குவார்கள். நம் கச்சேரிகளிலும் அதைத்தான் செய்கிறோம், கீபோர்டில் ஒரு பொத்தான் அழுத்தினால் முடிந்தது. ராக் பாட்டில் அப்படி நடக்காது. கிட்டாரில் கை வைக்காமல் திறந்து ஒலிக்கிற கம்பிகளை நம்பித்தான் பல பாட்டு எழுதப்பட்டிருக்கிறது, சுருதியை இறக்கினால் கம்பி தளர்ந்து நாதமே மாறும். பாட்டு அதே பாட்டு, நிறம் வேறு. (அயோமி தளர்த்தியது தன் விரலுக்காக, எழுதும்போதே அந்த நிறத்தில் எழுதினார். அதையும் இதையும் ஒன்றாக்காதீர்கள்.)

லெட் செப்பலின் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1980இல் டிரம்மர் ஜான் போனம் இறந்ததும், அவர் இல்லாமல் குழு இல்லை என்று கலைத்துவிட்டார்கள், எவ்வளவு கண்ணியமான முடிவு. 1985இல் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்டு நிகழ்ச்சியில் ஃபிலடெல்ஃபியாவில் திடீரென்று மேடை ஏறினார்கள். இரண்டு டிரம்மர்கள், ஒத்திகை போதவில்லை, பேஜின் கிட்டார் சுருதி விலகி நிற்கிறது, பிளாண்ட் குரல் கட்டியிருக்கிறது. பின்னால் 2004இல் லைவ் எய்டு டிவிடி வந்தபோது அந்தப் பகுதியைச் சேர்க்க அவர்களே சம்மதிக்கவில்லை. தாங்களே பார்க்க விரும்பாத ஒன்றை ரசிகன் ஏன் சுமக்க வேண்டும்?

2007 டிசம்பர் 10, லண்டன் ஓ2 அரங்கம் பற்றிச் சொல்வீர்கள் என்று தெரியும். அது நன்றாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். வாரக்கணக்கில் ஒத்திகை, போனத்தின் மகன் ஜேசன் டிரம்ஸில், 16 பாட்டு, சில பாட்டுகளைச் சுருதி இறக்கித்தான் வாசித்தார்கள், பேஜ் விரலை உடைத்துக்கொண்டதால் நிகழ்ச்சியையே இரண்டு வாரம் தள்ளி வைத்தார்கள். டிக்கெட் கேட்டவர்கள் 2 கோடி பேர் என்று கின்னஸ் பதிவு இருக்கிறது, இருந்த இடமோ இருபதாயிரத்துக்குள். மறுநாளே உலகம் முழுக்கச் சுற்றுப்பயணம் போயிருக்கலாம், மற்ற மூன்று பேருக்கும் ஆசை இருந்தது. பிளாண்ட் மறுத்தார். பாடகி அலிசன் கிராஸோடு அவர் செய்திருந்த ஆல்பம் அந்த அக்டோபரில்தான் வந்திருந்தது, அதை எடுத்துக்கொண்டு பாடப் போனார். 2009இல் அதற்கு ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று கிராமி கிடைத்தது. தாழ்ந்த குரலில், மெல்லப் பாடுகிற பாட்டுகள், 59 வயதுத் தொண்டைக்கு ஏற்ற பாட்டுகள். ஒரு பாடகனாக எனக்கு அவர்தான் முன்மாதிரி. தன் வயதை அவர் பாடுகிறார்.

ஒரே ஓர் இரவு என்றால் சரி. ஊர் ஊராகப் போவது கூடாது.


தேம்ஸ்கரை (லண்டன்):

தம்பி, நீங்கள் பரிதாபத்தில் அழவில்லை என்று எழுதியதைப் பார்த்ததும் 20 வருடத்துக்கு முந்தைய ஓர் இரவு நினைவுக்கு வந்துவிட்டது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2005 ஜூலை 2, லண்டன் ஹைட் பார்க், வறுமைக்கு எதிராக நடந்த லைவ் 8 இசை நிகழ்ச்சி. அப்போது நான் இங்கே படித்துக்கொண்டிருந்தேன். டிக்கெட் விற்பனைக்கு இல்லை, செல்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பினால் குலுக்கலில் விழும், என்னோடு அறையில் இருந்த நண்பனுக்கு விழுந்தது, ஒருவருக்கு இரண்டு டிக்கெட். காலையில் இருந்து நின்று கால் மரத்துவிட்டது. நிகழ்ச்சி இழுத்துக்கொண்டே போய் இரவு 11 மணி வாக்கில் விளக்கெல்லாம் அணைந்து ஒரு இதயத் துடிப்பு கேட்டது. பூங்கா முழுக்க அந்தத் துடிப்பு. பிங்க் ஃபிளாய்டு.

வாட்டர்ஸ், கில்மோர், ரைட், மேசன் நான்கு பேரும் ஒரு மேடையில் நின்று 24 வருடம் ஆகியிருந்தது. 1985இல் வாட்டர்ஸ் விலகி, பெயர் யாருக்கு என்று வக்கீல்கள் வரை போய், ஒருவரை ஒருவர் பேட்டிகளில் திட்டி, எல்லாம் ஊருக்கே தெரிந்த கதை. அன்று கில்மோர் பாடுகிறார், அந்தப் பக்கம் வாட்டர்ஸ் மைக்கை விட்டுத் தள்ளி நின்றுகொண்டு ஒவ்வொரு வார்த்தைக்கும் வாயசைக்கிறார், முகமெல்லாம் சிரிப்பு. பெரிய திரையில் அதைப் பார்த்தது கண்ணிலேயே நிற்கிறது. அப்புறம் அவர் பேசினார், இத்தனை காலம் கழித்து இவர்களோடு நிற்பது மனதை என்னவோ செய்கிறது, இங்கே இல்லாதவர்களுக்காக, முக்கியமாகக் குழுவின் முதல் பாடகர் சிட் பாரெட்டுக்காக வாசிக்கிறோம் என்று. முடிந்ததும் மற்றவர்கள் தோள் மேல் கை போட, கில்மோர் போய்விடப் பார்த்தார், வாட்டர்ஸ் கையை ஆட்டிக் கூப்பிட்டார், வந்து நின்றார்.

அடுத்த வருடம் சிட் பாரெட் போய்விட்டார். 2008 செப்டம்பரில் ரைட் போய்விட்டார். அந்த நான்கு பேரும் ஒன்றாக வாசித்த கடைசி இரவு அதுதான். பெரிய பணம் கொடுத்துச் சுற்றுப்பயணத்துக்குக் கூப்பிட்டார்கள், கில்மோர் வேண்டாம் என்றுவிட்டார், அது அவர் உரிமை. ஆனால் அந்த ஓர் இரவும் நடக்காமல் போயிருந்தால்? எனக்குத் தனிப்பட்ட முறையிலும் அது பெரிய விஷயம். எங்கள் குடும்பத்தில் ஒரு காணித் தகராறில் அப்பாவும் சித்தப்பாவும் 15 வருடம் பேசவில்லை. அன்றிரவு நடந்தே அறைக்குத் திரும்பினேன், போய்ச் சேர்ந்ததும் யாழ்ப்பாணத்துக்குச் சித்தப்பாவைத்தான் கூப்பிட்டேன்.

ஆனால் ஐந்தரைக் கட்டை சொல்வதில் ஒரு பாதியை நானும் ஏற்கிறேன். ஒயாசிஸ் குழுவின் கதையைப் பாருங்கள். 2009 ஆகஸ்டில் பாரிஸில் நோயல், லியாம் என்ற அண்ணன் தம்பி சண்டையில் உடைந்தது. 2024 ஆகஸ்டில் சேர்கிறோம் என்றார்கள். நின்று பார்க்கிற டிக்கெட் 150 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு என்று அறிவிப்பு. விற்பனை நாளன்று மணிக்கணக்கில் இணைய வரிசையில் காத்திருந்து உள்ளே போனவர்களுக்கு அதே இடத்துக்கு 355 பவுண்டு காட்டியது. முன்னமே சொல்லாமல் வரிசையின் முனையில் வைத்து விலையை ஏற்றுவது மிகப் பெரிய அநியாயம், பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் விசாரணை நடத்துகிற அளவுக்குப் போனது. என் மகளும் அந்த வரிசையில் இருந்தாள். அவள் பிறந்தது 2006இல், அவர்கள் உடைந்தபோது மூன்று வயது. அவளுக்கு அது பழைய பாட்டு இல்லை, தோழிகளோடு பஸ்ஸில் பாடுகிற பாட்டு. பகுதி நேர வேலையில் சேர்த்த காசை அப்படியே போட்டாள். 2025 ஜூலை 4 அன்று கார்டிஃபில் லியாமும் நோயலும் கைகோத்து, கையைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்த காணொளியை அவள் எனக்குக் காட்டினாள். விலை மேல் இருந்த கோபம் எனக்குப் போகவில்லை, ஆனால் அந்தக் கைகளைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது. இரண்டும் உண்மை.


மாட்டுங்கா (மும்பை):

எல்லாரும் முடிவைப் பற்றியே பேசுகிறீர்கள். திரும்பி வந்து புதிதாக ஆரம்பித்தவர்களைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே.

கேசட்டின் மறுபக்கத்தில் டீப் பர்ப்பிள் என்று எழுதியிருக்கிறீர்கள். 1976இல் உடைந்த குழு அது. 1980இல் அவர்களுடைய முதல் பாடகர், 1969லேயே விலகியவர், சம்பந்தமே இல்லாத நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு டீப் பர்ப்பிள் என்ற பெயரிலேயே அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் மேடை ஏறினார், டிக்கெட் வாங்கிப் போன ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள், கடைசியில் நீதிமன்றம் தடை போட்டு 6,72,000 டாலர் நஷ்டஈடு கட்டச் சொன்னது. வெறும் பெயர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். 1984இல் உண்மையான ஐந்து பேரும், கில்லன், பிளாக்மோர், லார்ட், பெய்ஸ், குளோவர், மறுபடி சேர்ந்தார்கள். வந்ததும் பழையதைப் பாடிக் காசு பார்த்துவிட்டுப் போகவில்லை, புது ஆல்பம் போட்டார்கள், அதன் தலைப்புப் பாட்டை இன்றைக்கும் மேடையில் வாசிக்கிறார்கள். ஜான் லார்டின் ஆர்கன் அதில் உள்ளே நுழைகிற இடத்தைக் கேட்டுவிட்டு வந்து, சேர்ந்திருக்கக் கூடாது என்று யாராவது சொல்லட்டும்.

எங்கள் மும்பையிலேயே இண்டஸ் க்ரீட் என்ற ராக் குழு இருக்கிறார்கள். 1984இல் ராக் மெஷின் என்று தொடங்கி, 1993இல் பெயர் மாற்றி, 1997இல் கலைந்து, 2010இல் திரும்பி வந்தார்கள். நான் பார்த்தபோது கூட்டத்தில் பாதிப் பேர் பழைய பாட்டையே கேட்டுக் கத்தினார்கள், அவர்கள் புதுப் பாட்டையும் நடுவில் நடுவில் வைத்து வாசித்தார்கள், 2012இல் புது ஆல்பமே வந்தது. பழைய பாட்டை வாசிக்கும்போது அவர்கள் முகம் ஒரு மாதிரி, புதியதை வாசிக்கும்போது இன்னொரு மாதிரி, கொஞ்சம் பயத்தோடு. அந்தப் பயம் இருக்கிற வரைக்கும் அது உயிரோடு இருக்கிற குழு.

ஐந்தரைக் கட்டை சார், சுற்றுப்பயணமே கூடாது என்பது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. தி போலீஸ் என்ற குழு 2007இல் திரும்பி வந்தபோது, பயணத்தின் தொடக்கத்திலேயே, ஒரு நிகழ்ச்சி முடிந்த கையோடு டிரம்மர் ஸ்டூவர்ட் கோப்லேண்ட் தன் வலைப்பக்கத்தில் இன்றைக்கு நாங்கள் படுமோசம் என்று எந்த இடத்தில் யார் தப்பு விட்டார்கள் என்பது வரை எழுதினார். அப்படி எழுதுகிறவன் மேடையை இன்னும் மதிக்கிறான். ஊர் ஊராகப் போனால்தான் கை திரும்ப வரும், ஒரே இரவில் வராது.


ஐந்தரைக் கட்டை (சென்னை):

மாட்டுங்கா சொல்கிற புதுப் பாட்டு விஷயம் சரி, அதை நான் யோசிக்கவில்லை. இப்போதைய தொண்டைக்கு எழுதிய பாட்டு என்றால் என் மறுப்பே அடிபட்டுப் போகிறது.

ஆனால் ஆஸி விஷயத்தில் இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை. தேம்ஸ்கரை, உங்கள் ஹைட் பார்க்கில் நான்கு பேரும் நல்ல உடம்போடு நின்றார்கள். இங்கே ஒருவரால் எழுந்திருக்கவே முடியவில்லை. அவராக ஆசைப்பட்டு வந்தாரா, மற்றவர்கள் ஏற்றிவிட்டார்களா?


டிரம்ஸ்குச்சி (பெங்களூரு):

அவராக ஆசைப்பட்டுத்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2019இல் இருந்து விழுந்து, கழுத்தில் முதுகில் அறுவை சிகிச்சை மேல் சிகிச்சை, அறிவித்த பயணங்களை எல்லாம் ரத்து செய்து, ரசிகர்களிடம் முறையாக விடைபெறவில்லை என்பதே அவருக்குக் குறையாக இருந்தது, பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த நிகழ்ச்சியின் வருமானம் பார்க்கின்சன் ஆய்வுக்கும், பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனைக்கும், ஏகார்ன்ஸ் என்ற குழந்தைகள் பராமரிப்பு இல்லத்துக்கும் என்று முதலிலேயே அறிவித்திருந்தார்கள். தனிப் பாட்டு ஒன்றில் குரல் உடைந்தபோது மைதானமே சேர்ந்து பாடி அவரைத் தூக்கிப் பிடித்ததைக் கேட்டீர்களா? ஒரு கட்டை இறக்கினால் நிறம் மாறும் என்றீர்கள். நாற்பதாயிரம் பேர் சேர்ந்து பாடினாலும் நிறம் மாறும். அந்த நிறத்தை நான் எந்தப் பதிவிலும் கேட்டதில்லை.


கேசட்காரன் (கோவை):

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு இதை முழுக்க அண்ணனுக்குப் போனில் படித்துக் காட்டினேன். பில் வார்டு 2017இல் இல்லை என்பது அவருக்குத் தெரியும், ஆனால் அதை ஒரு பொருட்டாக நினைத்ததில்லையாம். டிரம்ஸ்குச்சி எழுதிய அந்தத் தாமதம் பற்றிய பகுதியை இரண்டு முறை படிக்கச் சொன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. தேம்ஸ்கரை எழுதியதில், கில்மோரைக் கையாட்டிக் கூப்பிட்ட இடத்தில், இன்னொரு தடவை படி என்றார்.

ஆஸி எழப் பார்த்த காட்சியை மறுபடி பார்க்க முடியாது என்றுதான் இன்னும் சொல்கிறார், நான் வற்புறுத்தவில்லை. டிரம்ஸை மட்டும் கேட்கலாம் என்றார். இந்த ஞாயிறு அவர் வீட்டுக்குப் போகிறேன். 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவு செய்த முதல் ஆல்பத்தை முதலில் போடப் போகிறோம், அதில் இருக்கிற ஒரு பாட்டை அவர்கள் வில்லா பார்க்கிலும் வாசித்தார்கள், உடனே அதையும் போட்டு, திரையை அணைத்துவிட்டு, ஒன்றின் பின் ஒன்றாகக் கேட்கப் போகிறோம். மாட்டுங்கா சொன்ன 1984 ஆல்பம் எங்கள் இரண்டு பேரிடமும் இல்லை, அதையும் தேடி எடுத்துக்கொண்டு போகிறேன்.